வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பையன்

போன வாரம் பேரனின் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். 200 மீட்டர் ஓட்டத்தில் அவனுக்கு மூன்றாம் இடம். அவன் பையில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு இன்ஹேலரும் இருக்கும். அதைப் பார்த்ததும் 1978-ல் என்னிடம் படித்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான்.

நான் அப்போது டிரில் மாஸ்டர். அவன் மைதானத்தை ஒரு சுற்று நன்றாகத்தான் ஓடுவான். நின்று ஐந்து நிமிடம் கழித்து இருமலும் இழுப்பும் வரும். "ஓடும்போது வராத இழுப்பு நின்னப்புறம் வருதா? நடிக்காதேடா" என்று திட்டினேன். பிறகு அவனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, மற்றவர்களின் சட்டைகளுக்குக் காவல் வைத்தேன்.

பேரனுக்காகப் படித்தபோதுதான் என் தவறு புரிந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குள் ஏற்கெனவே அழற்சி இருக்கிறது. ஓடும்போது வாயால் வேகமாக மூச்சு வாங்குவதால் குழாயின் ஈரம் உலர்ந்து, குழாய் சுருங்குகிறது. ஓட்டம் நின்ற சில நிமிடங்களில்தான் அது உச்சத்துக்குப் போகும். லிவர்பூலில் ஆர்.எஸ். ஜோன்ஸும் சகாக்களும் ஆஸ்துமா பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கொடுத்து, மூச்சை அளந்து, 1962-லேயே இதை எழுதிவிட்டார்கள். நான் திட்டியது அதற்கு 16 ஆண்டுகள் கழித்து!

மருந்தும் அப்போது இருந்தது. கார்ட்டிசோன் ஆய்வுக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை பலித்தது. ஆனால் தொடர்ந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கு முகம் ஊதியது, வளர்த்தி நின்றது. 1955-ல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்துக் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகள், தன் ஆஸ்துமா மருந்தையும் தலைமுடி ஸ்ப்ரே போல அடைத்துத் தரக்கூடாதா என்று கேட்டாளாம். மறு ஆண்டே அளவாக மருந்து வரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த மருந்து சுருங்கிய குழாயை விரித்தது, அழற்சியைத் தொடவில்லை.

1972-ல் இங்கிலாந்தின் டெர்பி நகர டாக்டர் ஹாரி மாரோ பிரவுன், பெக்ளோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை இன்ஹேலரில் கொடுத்துப் பார்த்து அறிக்கை வெளியிட்டார். மாத்திரையையே நம்பியிருந்த பலர் அதை விட முடிந்தது. ஒரு பஃபில் 50 மைக்ரோகிராம்தான். 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றின் எடைக்கு நூறு பஃப் வேண்டும். மருந்து நேரே நெஞ்சுக்குப் போவதால் அந்தத் துளியே போதுமானது. 1983-ல் டென்மார்க்கின் ஹென்ரிக்சனும் டாலும் புடெசோனைடைப் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் தினமும் கொடுத்தார்கள். ஓடிய பிறகு வரும் இழுப்பு நன்றாகக் குறைந்தது.

"பஃப் பழகிவிடும், பிள்ளை வளராது" என்று நம் வயதுக்காரர்கள் பயப்படுகிறோம். பழகிப்போவதில்லை. வளர்த்தியைப் பொறுத்தவரை, சிறுவயதில் சில ஆண்டுகள் புடெசோனைடு எடுத்தவர்கள் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குள்ளம் என்று 2012-ல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. மூச்சுத் திணறலோடு ஒப்பிட்டால் அது பெரிதா? டாக்டர் சொன்ன அளவில் தினமும் எடுத்து, வாய் கொப்பளித்தால் போதும். இழுப்பு இல்லையே என்று நாமாக நிறுத்தக்கூடாது.

உங்கள் பேரப்பிள்ளை ஓடிவிட்டு வந்து இருமினால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பையனுக்கு இப்போது அறுபது வயது நெருங்கியிருக்கும். இதை அவன் படிக்க நேர்ந்தால், தம்பி, நீ நடிக்கவில்லை. எனக்குத்தான் தெரியவில்லை. மன்னித்துவிடு.