வறுமை தந்த நோயும் ஒரு வைத்தியரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே பெலாக்ரா என்னும் கொடிய நோய் பரவியது. தோல் தடித்து வெடிக்கும். வயிற்றோட்டம் உடலை உருக்கும். ஈற்றிலே சித்தம் பேதலிக்கும். ஏதோவொரு கிருமியே இதற்குக் காரணம் என அறிஞர் பலர் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் டொக்டர் யோசப் கோல்ட்பேர்கர்.

1874 இல் அன்றைய ஹங்கேரியில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோருடன் நியூயோர்க்கிற் குடியேறினார். அரசாங்கச் சுகாதார சேவையிற் சேர்ந்து மஞ்சட் காய்ச்சல், தைபஸ் ஆகியவற்றை ஆராய்கையில் அவற்றாற் பீடிக்கப்பட்டு உயிர் தப்பினார். 1914 இல் பெலாக்ரா ஆராய்ச்சி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அநாதை இல்லங்களிலும் மனநோய் வைத்தியசாலைகளிலும் வாழ்ந்தோரை அந்நோய் பற்றியது. அவர்களோடு நாளும் பழகிய ஊழியரையோ அது தீண்டவில்லை. கிருமிக்கு ஊழியரையும் அநாதையையும் பிரித்தறியத் தெரியுமா? வேறுபாடு உணவிலே இருந்தது. பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்தபோது அநாதைச் சிறுவரை விட்டு நோய் அகன்றது.

1915 இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையொன்றில், விடுதலை வாக்களிக்கப்பட்ட கைதிகளுக்குச் சோளமா முதலிய வறிய உணவையே கொடுத்துவந்தார். பதினொருவரில் அறுவரிடம் நோய்க்குறி தோன்றியது. விடுதலைக்கு ஏங்குபவனின் சம்மதம் முழுச் சம்மதமாகுமா என்னும் வினாவை நாம் இன்று தட்டிக்கழிக்க முடியாது. எனினும், அடுத்த ஆண்டிலே அவர் தம்மையே சோதனைக்கு உள்ளாக்கினார். நோயாளரின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றினார். அவர்தம் தோற்செதிளையும் மலத்தையும் மாவிற் கலந்து விழுங்கினார். மனைவி மேரியும் இரத்தம் ஏற்றுக்கொண்டார். எவரையும் நோய் பற்றவில்லை.

நல்லுணவு ஏன் கிட்டவில்லை? பொருளியலறிஞர் எட்கர் சிடென்ஸ்ற்றிக்கருடன் தென் கரோலினாவின் ஏழு பஞ்சாலைக் கிராமங்களை ஆராய்ந்தார். வருமானம் குறையக் குறைய நோய் கூடுவதைக் கண்டார். வயலெங்கும் பருத்தியே விளைந்தது. உழுத வாரக்குடிக்கோ காய்கறி நடவும் பசு வளர்க்கவும் வழியில்லை. 1921 இல், பருத்தி விலை வீழ்ந்தமையால் நோய் பெருகும் என அவர் எச்சரித்தார். தென்பகுதி அரசியல்வாதிகளோ தம் மண்ணுக்கு இழுக்கு நேர்ந்ததெனச் சீறினர்.

நிலவுடைமையை மாற்றும் ஆற்றல் வைத்தியரிடம் இல்லை. ஆகவே, 1927 இன் பெருவெள்ளத்தின்போது மலிவான ஈஸ்ற்றை மருந்தாகப் பரிந்துரைத்துப் பலரைக் காத்தார். 1929 இல் புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. குறைபாட்டைத் தீர்ப்பது நிக்கொற்றினிக் அமிலம் என்பதை 1937 இல் கொன்ராட் எல்விஜெம் கண்டறிந்தார்.

அந்த அமிலம் இன்று மாவிலே சேர்க்கப்படுகின்றது. ஆனால், உழைப்பவன் ஏன் பட்டினி கிடக்கிறான் என்று கோல்ட்பேர்கர் எழுப்பிய கேள்வியை எந்த மாவிலும் கரைத்துவிட முடியாது.