கட்டுப்படியாகாது என்று எழுதப்பட்ட வண்டிகள்

ஒரு வண்டியின் ஆயுளை முடித்துவைக்க இந்திய ராணுவப் பணிமனைகளில் ஒரு சொற்றொடர் உண்டு. ஆங்கிலேயர் காலத்து வழக்கான அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பி.இ.ஆர்.’ என்பார்கள். தமிழில் ‘பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது’ எனலாம். ‘பழுதுபார்க்க இயலாது’ என்று அது சொல்வதில்லை என்பதே கவனிக்க வேண்டியது. அது இரும்பைப் பற்றிய தீர்ப்பன்று. கணக்கைப் பற்றிய தீர்ப்பு. ஏலம் முடிந்து வண்டி முகாமின் வாயிலைத் தாண்டியதும் கணக்கு மாறிவிடுகிறது. அரசுக்குக் கட்டுப்படியாகாதது ஒரு பட்டறைக்காரருக்குக் கட்டுப்படியாகிறது. அந்த இடைவெளியில் உழைத்தவர்களின் கதையே நம் சாலைப் போக்குவரத்து வரலாற்றில் எழுதப்படாத பகுதி என்பது என் துணிபு.

இக்கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. 1945 ஜனவரி 12 அன்று அசாமின் லெடோவிலிருந்து 113 வண்டிகள் கொண்ட முதல் அணி சீனத்தை நோக்கிப் புறப்பட்டது. மலைகளையும் பர்மியக் காடுகளையும் கடந்து, பிப்ரவரி 4 அன்று குன்மிங் நகரை அடைந்தது. இந்தியாவின் கிழக்கு எல்லையில் அன்று குவிந்திருந்தவை அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரிகள், டாட்ஜ்கள், ஜீப்புகள், கனடாவின் ஃபோர்டு, செவர்லே வண்டிகள். பழுதுபார்ப்பதற்கென்றே 1943இல் இந்திய ராணுவத்தில் தனிப் படைப்பிரிவு ஒன்று உருவாக்கப்பட்டது. போர் முடிகையில் இருபத்தைந்து லட்சமாகப் பெருகியிருந்த அந்தப் படையில் ஓட்டுநராகவும் ஃபிட்டராகவும் தொழில் கற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். 1946 மே மாதத்து உடன்பாட்டின் வழியே, இந்தியாவில் எஞ்சிய அமெரிக்கத் தளவாடங்கள் இந்திய அரசின் கைக்கு வந்தன. கற்ற கைகளும் கைவிடப்பட்ட வண்டிகளும் ஒரே காலத்தில் சந்தைக்கு வந்தன.

அந்த வண்டிகளைப் பேணுவது எளிதாக இருக்கவில்லை. எல்லாச் சக்கரங்களும் உந்தும் அமைப்பில், முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே எஞ்சினின் விசையையும் பெற வேண்டும். அதற்கான இணைப்பு ஓர் உருண்டைக் கூட்டுக்குள் கிரீஸில் மூழ்கியிருக்கும். கூட்டின் சீல் தேய்ந்தால் கிரீஸ் வெளியேறும், சேற்றுநீர் உட்புகும், சில மாதங்களில் இணைப்பு அரைபட்டுவிடும். கெட்டிச் சாலையில் முன்சக்கர உந்துதலை விலக்க மறந்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிப் பல்சக்கரங்களைச் சிதைக்கும். ராணுவத்தில் இவற்றுக்கெல்லாம் கையேடும் குறிப்பேடும் இருந்தன. ஏலத்தில் வண்டி மட்டுமே கைமாறியது.

கனடா வண்டிகளின் சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். அது இரண்டு வட்டத் தகடுகளைப் போல்ட்டுகளால் இணைத்துச் செய்யப்பட்டது. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் ஒரு வரிசை. தகடுகளை ஒன்றோடொன்று பிணைப்பவை மற்றொரு வரிசை. டயரில் காற்று நிறைந்திருக்கும்போது இரண்டாவது வரிசையைக் கழற்றினால் தகடு தெறித்து ஆளைக் கொன்றுவிடும். ஆகவே ராணுவம் அந்த நட்டுகளுக்குத் தனி நிறம் பூசிவைத்தது. வண்டி கைமாறி, புது உரிமையாளர் மறுவண்ணம் பூசினால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடும். அதன்பின் அது ஒரு முதிய மெக்கானிக் பட்டறைச் சிறுவனுக்குச் சொல்லும் வாய்ச்சொல்லாக மட்டுமே உயிர்வாழ முடியும்.

அடுத்த சிக்கல் எரிபொருள். பெட்ரோல் குடிக்கும் அமெரிக்க எஞ்சின்களை வைத்து வாடகை லாரி ஓட்டிப் பிழைக்க இயலாது. 1950களில் சென்னையின் சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினைத் தயாரிக்கத் தொடங்கியது. பழைய பெட்ரோல் லாரிகளுக்கு மாற்று எஞ்சினாகப் பெயர்பெற்றது அது. எஞ்சினை மாற்றுவதோ வெறும் பொருத்துவேலை அன்று. கியர்பெட்டியோடு இணைக்க இடைத்தகடு கடைந்தெடுக்க வேண்டும். கூடுதல் எடையைத் தாங்க முன்பக்க ஸ்பிரிங்கில் பட்டை சேர்க்க வேண்டும். டீசலின் அதிர்வைத் தாங்கும்படி தாங்கிகளை மாற்றியமைக்க வேண்டும். வரைபடம் இன்றி ஒரு லேத் பட்டறையில் இவற்றைச் செய்து முடிப்பது மறுவடிவமைப்பேயன்றி வேறில்லை.

அதே காலத்தில் அரசு ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லை வேறு விதமாகக் கற்றுக்கொண்டது. காஷ்மீர்ப் போரை ஒட்டி, 1948இல் லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழியே புதுப்பிக்கப்பட்ட ராணுவ ஜீப்புகள் வாங்க ஒப்பந்தமானது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய 155 ஜீப்புகள் பயன்படத் தகுதியற்றவை எனக் கண்டறியப்பட்டன. நாடாளுமன்றத்தை உலுக்கிய அவ்விவகாரத்தை 1955இல் அரசு முடித்துவைத்தது. இதைச் சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் சர்ச்சையாக மட்டுமே நினைவுகூர்கிறோம். எனக்கு அது அறிவைப் பற்றிய கேள்வியாகவும் தோன்றுகிறது. பழுது நீங்கியதா, வண்ணம் மட்டும் பூசப்பட்டதா என்பதைக் காகிதம் சொல்லாது. எஞ்சினைக் கேட்கும் காதும் அச்சைத் தொடும் கையுமே சொல்லும்.

அதே கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோதுதான், 1959இல், ஜபல்பூரின் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்துடன் ‘சக்திமான்’ லாரி பிறந்தது. பிறர் கழித்ததை வாங்கிய நாடு தானே செய்யத் தொடங்கியது. பிறகு சக்திமானும் முதிர்ந்தது. அதன்மீதும் அந்தப் பழைய சொற்றொடர் எழுதப்பட்டது. ஏலத்தில் போன சக்திமான்கள் வடகிழக்கின் காடுகளில் மரமும், மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் நிலக்கரியும் சுமந்தன. கொல்கத்தாவின் மல்லிக் பஜார், தில்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகள் இத்தகைய வண்டிகளை உயிரோடு வைத்திருக்கும் உலகைச் சேர்ந்தவை. ஹரியானாவின் மண்டி டப்வாலி, ராணுவம் கழித்த ஜீப்புகளை மீட்டெடுப்பதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது.

இதைப் புகழ்ப்பாட்டாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. மீட்டெடுக்கப்பட்ட வண்டி எதைச் சுமந்தது என்பதும் வரலாறே. வடகிழக்கின் மரவெட்டைக் கட்டுப்படுத்த 1996இல் உச்ச நீதிமன்றமும், மேகாலயாவின் எலிவளைச் சுரங்கங்களைத் தடைசெய்ய 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தலையிட வேண்டியிருந்தது. தேய்ந்த பிரேக்கும் மிகைச்சுமையுமாய் மலைச்சரிவில் இறங்கும் லாரியில் பணயம் வைக்கப்படுவது கிளீனரின் உயிரும்தான்.

ஆயினும் ஆவணக்காப்பகம் யாரை நினைவில் வைத்திருக்கிறது? வங்கத்தின் பானாகட்டில் கிடந்த போர்க்கால விமானக் கழிவுகளை 1946இல் பத்து லட்சத்துக்குப் பேசி, முன்பணமாகத் தந்த இரண்டரை லட்சத்தை இழந்தவர்களின் வழக்கு 1969இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. விற்றவர், வாங்கியவர், தவணை, கெடு என அனைத்தும் தீர்ப்பில் உள்ளன. விற்பனை காகிதத்தை விட்டுச்செல்கிறது. பழுதுபார்ப்போ ஓடும் வண்டியைத்தான் விட்டுச்செல்கிறது. வண்டி உடைப்புக்குப் போகும் நாளில் அந்தச் சான்றும் அழிகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ இத்தகைய வண்டிகளில் கைவைத்த முதியவர் எவரேனும் இருந்தால், அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்து வையுங்கள். எந்த நட்டை எப்போது கழற்றக் கூடாது என்று அவர் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறம் உதிர்ந்த பிறகு அந்த எச்சரிக்கை அவர் குரலில்தான் இருக்கிறது.