மழை பிரித்த ஜோடி

தொட்டபெட்டாவைச் சுமந்து நிற்கும் சார்னோக்கைட் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதன் பைராக்சீன் மணிகளில் மெக்னீசியமும் ஃபெல்ட்ஸ்பார் மணிகளில் அலுமினியமும் குடியிருந்தன. மழை அந்தக் குடித்தனத்தைக் கலைத்தது. எளிதில் கரையும் மெக்னீசியம் ஓடைகளில் இறங்கி, பவானியில் கலந்து, சமவெளிக்குப் போயிற்று. லேசில் கரையாத அலுமினியம் கிப்சைட், கயோலினைட் என்று உருமாறி மலையிலேயே தங்கிவிட்டது.

குன்னூர், கோத்தகிரித் தோட்டக்காரர்களுக்கு இந்தப் பிரிவு பழக்கப்பட்டதுதான். அமில மண்ணில் தேயிலை செழிக்கும். செடி அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கும். கூடைக்குப் போகும் கொழுந்தில் அது குறைவு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போது, கழித்த இலையோடு அலுமினியம் மண்ணுக்கே திரும்பிவிடும். மெக்னீசியத்தையோ காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அமிலம் மிஞ்சினால் தூவும் டோலமைட் தூளில் அது மலையேறுகிறது.

மலையேறினாலும் இந்த அமில மண்ணில் பழைய துணையான அலுமினியத்தோடு ஒரே கனிமத் தகட்டில் சேர முடியாது. அந்தச் சேர்க்கைக்குக் காரத்தன்மை வேண்டும். 1842இல் நார்வேயின் ஸ்னாரும் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட ஹைட்ரோடால்சைட் என்ற வெண்கனிமத்தில் அது இயற்கையாகவே நடந்திருக்கிறது. மூன்று மெக்னீசியத்துக்கு ஓர் அலுமினியம் என்ற கணக்கில் ஹைட்ராக்சைடுத் தகடுகள். அலுமினியம் கூடுதலாக ஒரு நேர்மின்னூட்டத்தைக் கொண்டுவருவதால், அதை ஈடுகட்டத் தகடுகளுக்கு நடுவே கார்பனேட்டும் நீரும் புகுந்துகொள்கின்றன. இதுவே அடுக்கு இரட்டை ஹைட்ராக்சைடு. நடுவே இருப்பதை வெளியேற்றி வேறொன்றை உட்கார வைக்கலாம் என்பதுதான் இதன் மதிப்பு.

ஆய்வகத்தில் இதைச் செய்வது எளிது. இரு உலோகங்களின் நைட்ரேட்டுகளையும் கரைத்துக் காரம் ஊற்றினால் வெள்ளை வீழ்படிவு இறங்கும். ஆனால் இதைக் கொண்டு உணரிச் சில்லு செய்யப் பொடி உதவாது. பிடித்து நிற்கும் மெல்லிய படலம் வேண்டும். இங்கேதான் லேசர் வருகிறது. பொடியை வில்லையாக அழுத்தி, வெற்றிட அறையில் வைத்து, நானோநொடித் துடிப்புகளால் அடிக்கிறார்கள். ஆவியும் துகளும் சுடராகக் கிளம்பி எதிரே உள்ள சிலிக்கானில் படிகின்றன.

1965இல் ரூபி லேசரால் முயன்று பார்க்கப்பட்ட இம்முறைக்கு, 1987இல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் புது வாழ்வு கிடைத்தது. இந்தியாவில் படித்துச் சென்ற டி. வெங்கடேசனும் அவர் குழுவினரும் இட்ரியம், பேரியம், தாமிரம் கலந்த மீகடத்தி ஆக்சைடை, விகிதம் குலையாமல் படலமாக்கிக் காட்டினார்கள். பல தனிமங்களை ஒரே விகிதத்தில் இடம் மாற்றுவதே லேசரின் கைத்திறன்.

அடுக்கு ஹைட்ராக்சைடு இன்னும் கடினமான பயணி. உலோகங்கள் சேர்ந்தே போகும்; நடுவே இருக்கும் நீரும் கார்பனேட்டும் வழியில் உதிரும். ருமேனியாவில் புக்கரெஸ்ட் அருகே மகுரெலே லேசர் ஆய்வு நிறுவனத்தினர் இதற்காகவே பல அலைநீளங்களைச் சோதித்தார்கள். இன்னொரு வழி, பொடியை நீரில் கலந்து திரவ நைட்ரஜனால் உறைய வைத்து அடிப்பது. பெரும்பாலான ஆற்றலைப் பனிக்கட்டி வாங்கிக்கொள்ளும். சரக்குக்கு அடி குறைவு.

அப்படியும் உதிர்ந்துபோனால்? இப்பொருளுக்கு நினைவாற்றல் உண்டு. சுமார் 450 டிகிரி செல்சியஸில் சூடேற்றினால் அடுக்குகள் சிதைந்து ஆக்சைடுக் கலவையாகும். எதிர்மின் அயனிகள் உள்ள நீரில் முக்கினால் மீண்டும் அடுக்காகும். வெப்பம் வெகுவாகக் கூடி ஸ்பைனல் என்ற ஆக்சைடு உருவாகிவிட்டால் மட்டும் திரும்ப வழியில்லை.

அலுமினியத் தகட்டை அரிப்பிலிருந்து காக்கப் பெரும்பரப்பில் இப்படலம் வேண்டுமென்றால் வேதிக்குளியலே மலிவு. லேசர் பூசும் பரப்பு சிறியது, செலவு பெரியது. சில சதுர சென்டிமீட்டர் போதும், ஆனால் தடிமனும் விகிதமும் பிசகக் கூடாது என்கிற உணரிகளுக்கே அந்தச் செலவு தகும்.