கஞ்சித் தொட்டி

வடசென்னைச் சடையங்குப்பத்தில் யாருக்காவது உடம்பு ரொம்ப முடியாமல் போனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அது ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’.

பெயர் வந்தது ஒரு போரால். 1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. அது போன வழியில் பயிரும் போனது, மாடும் போனது. பிழைத்தவர்கள் கோட்டையை நம்பிப் பட்டணத்துக்கு வந்தார்கள். 1782 பஞ்சத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் ‘மணியக்காரர் சத்திரம்’ ஆனது. வெள்ளைக்காரர் வாயில் அது ‘மோனிகர் சவுல்ட்ரி’. சத்திரத்தை ஒட்டி வைத்தியசாலை, பிறகு மருத்துவப் பள்ளி, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி.

வீட்டில் கஞ்சி கலயத்தில் இருக்கும். தொட்டி மாட்டுக்கு, அதுவும் கழுநீருக்கு. மனிதர்களை வரிசையில் நிறுத்திய இடத்துக்குத் தொட்டி என்று பேர் வைத்த வாய் சும்மா வைத்திருக்காது.

கஞ்சிக்கு வந்தவர்கள் விட்டுவந்த ஊர்கள் என்ன ஆயின? ஆளில்லாத நிலத்துக்கு விலையில்லை; இருக்கிற ஆளுக்குத்தான் கிராக்கி. அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன் ரஷ்யாவிலும் போர், கொள்ளைநோய், பஞ்சம் என்று கிராமங்கள் காலியாகின. மிஞ்சிய குடியானவனுக்காக நிலக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். அரசு 1580களில் அவன் இடம்பெயரத் தடை போட்டது. 1649 சட்டம் ஓடிப்போனவனை எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்து இழுத்துவரலாம் என்றது.

இங்கே செங்கல்பட்டு ஜாகிரில் கிழக்கிந்தியக் கம்பெனி கௌல் என்னும் உறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்து, தீர்வையைக் குறைத்து, குடிகளை அழைத்தது. ஊரிலேயே தங்கிப் பயிரிட்டவன் உள்குடி, வெளியூரிலிருந்து வந்தவன் புறக்குடி; இரண்டு பேரும் பாயகாரிகள். 1790களில், ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை கொண்ட மிராசுதாரர்களோடு மல்லுக்கு நின்ற கலெக்டர் லயனல் பிளேஸ், அவர்கள் நிலத்தைப் பாயகாரிகளிடம் கொடுத்துப் பார்த்தார். பேரம் பேசும் தெம்பு இவர்களுக்குத்தான் வந்தது. சேரியிலிருந்த படியாள் மிராசுதாரர் பிடியிலேயே கிடந்தான். ரஷ்யாவில் சட்டம் செய்ததை இங்கே சாதி செய்தது.

அடுத்த பெரிய அடி 1876–78, தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டத்தில் 1871இல் 19.7 லட்சம் பேர். 1881இல் 16 லட்சம். நிவாரண வேலைக்கு, இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். மண் வெட்டுகிறவனுக்கு இது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த எட்டு கிலோமீட்டர் கால்வாய் அந்தக் கூலியாட்கள் வெட்டியது. அதன் பிறகுதான் எண்ணூர்ப் பக்கம் ஏற்கெனவே ஓடிய காக்ரேன் கால்வாயும் சேர்ந்து ‘பக்கிங்ஹாம் கால்வாய்’ ஆனது.

கிராமத்தில் நிற்க முடியாதவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினார்கள். 1960களில் பர்மா தமிழர்களை வெளியே தள்ளியது. அப்படி வந்தவர்களுக்குச் சடையங்குப்பத்தில் பர்மா நகர் உண்டு.

‘கஞ்சித் தொட்டி’ என்ற சொல் மட்டும் கை மாறிவிட்டது. கொடுக்கிறவர் வைத்திருந்ததைக் கேட்கிறவர் எடுத்துக்கொண்டார். 2001–02இல் நெசவாளர்கள் தறி ஓடாமல் தவித்தபோது ஊர் ஊராகக் கஞ்சித் தொட்டி திறந்தது, கட்சிகளுக்குள் பெரிய சண்டையே ஆனது. இப்போது கதவடைப்பு, ஆட்குறைப்பு என்றால் ஆலை வாசலில் தொழிற்சங்கம் அடுப்பு மூட்டுகிறது. கொதிப்பது வாடகை அண்டாவில். பேனரில் ‘கஞ்சித் தொட்டி திறப்புப் போராட்டம்’.