48 வோல்ட் வீடு பிறந்த கதை

பாய்மரப் படகில் நெடுந்தூரம் போகிறவர், பேட்டரியைக் கஞ்சன் காசைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பகலில் சோலார் பேனல் ஏற்றியது எவ்வளவு, ராத்திரி விளக்கும் ரேடியோவும் குடித்தது எவ்வளவு என்று ஓயாத கணக்கு. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்கும் கீழே வற்றவிட்டு அப்படியே போட்டுவைத்தால், தகடுகளில் சல்பேட் இறுகி ஆயுள் குறைந்துவிடும். அதனால் சேர்த்தது வழியில் வீணாகாதபடி படகில் பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி. தான். பேட்டரியிலிருந்து நேரே விளக்குக்கு. நடுவில் தரகர் கிடையாது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு தரகர் உட்கார்ந்திருந்தார். பெயர் இன்வெர்ட்டர். 2012-ல் சென்னைக்குத் தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு. (வெளியூர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், 'வெறும் இரண்டுதானா?' என்று சிரிப்பார்கள்.) டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தே ஒரு பேட்டரியைக் கொன்ற பெருமை எனக்கு உண்டு.

மின்வெட்டு வாட்டிய அந்தக் காலத்தில்தான் அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இந்தத் தரகரை வெளியே அனுப்பப் பார்த்தது. பேனல் தருவது டி.சி.; பேட்டரி சேர்த்துவைப்பது டி.சி.; எல்.இ.டி.யும் செல்போனும் கேட்பதும் டி.சி. அதை 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்றி, விளக்குக்குள் போனதும் திரும்ப டி.சி. ஆக்குவானேன்? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகவே போய்விடும்.

சரி, எத்தனை வோல்ட்? படகில் ஒயர் நீளம் குறைவு, 12 போதும். வீட்டில் அதே 12 என்றால் ஒயரிலேயே நிறையக் கரையும். ரொம்ப ஏற்றினால் ஷாக் அடிக்கும். 48-ல் நின்றார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் காலங்காலமாக ஓடியது 48 வோல்ட் பேட்டரியில்தான். தெருவே இருட்டாகக் கிடந்தாலும் லேண்ட்லைன் மணி அடித்த ரகசியம் அதுதான். இதே குழு 1990-களில் 'கோர்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசியை உருவாக்கியது. பழகிய எண்ணுக்கே கை போயிருக்கும் என்பது என் ஊகம்.

மிச்சம் நின்றது ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் தின்னும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார் வைத்த ஃபேனுக்கு அதில் பாதியே போதும். கோயம்புத்தூரிலிருந்து 'சூப்பர்ஃபேன்' அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது.

மின்வெட்டு நேரத்தில் முழுக்க நிறுத்தாமல், வீட்டுக்கு 100 வாட் மட்டும் 48 வோல்ட்டில் விடலாம் என்பது ஐ.ஐ.டி. குழுவின் யோசனை. நல்ல யோசனை. ஆனால் மின்வெட்டு குறைந்ததும் நகரம் அதை மறந்தது. கம்பி எட்டாத ராஜஸ்தான் பாலைவனம் மறக்கவில்லை: ஜோத்பூர், ஜெய்சால்மர் பக்கம் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரு பேனல், சின்ன பேட்டரி, ஃபேன், விளக்கு, செல்போன் சார்ஜர் என்று 48 வோல்ட் குடியேறியது.

எங்கள் மாடிப்படித் தரகர் இன்னும் அதே இடத்தில்தான். உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றைக்கே பேட்டரியின் மிதவையைப் பாருங்கள். சிவப்புக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மெட்ரோ வாட்டரும் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம்.