சின்சினாட்டியின் வாக்குச்சீட்டுகள்

1957ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க பேஸ்பால் உலகில் நிகழ்ந்த ஒரு தேர்தலைப் பற்றியது இக்கட்டுரை. இலக்கியம் பேசும் இடத்தில் விளையாட்டை எடுத்துக்கொள்வது வழக்கத்திற்குச் சற்று மாறானதுதான். ஆயினும் தகுதி, அபிமானம், மக்கள் வாக்கு ஆகிய மூன்றும் இவ்வளவு வெளிப்படையாக மோதிக்கொண்ட கதை வேறொன்றை நான் படித்ததில்லை. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டொரு சொற்கள். (அடிபந்தாட்டம் என்று தமிழில் எழுதிப் பார்த்தவர்கள் உண்டு, எனக்குப் பேஸ்பாலே போதும்.) அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரு பிரிவுகள். 1957இல் ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள். பருவத்தின் நடுவே, ஜூலை மாதத்தில், இரு லீகுகளின் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் எதிரெதிரே நின்று ஒரே ஒரு ஆட்டம் ஆடுவார்கள். அதுவே நட்சத்திர ஆட்டம். அதன் முடிவு எந்த அணியின் வெற்றிக் கணக்கிலும் சேராது. இருந்தும் அதில் இடம்பெறுவது ஒருவரின் பெயருக்கு முன்னால் வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெருமை. பந்து எறிபவரை அணியின் மேலாளர் தேர்வார். மற்ற எட்டு இடங்களில் முதலில் இறங்குவோரை அக்காலத்தில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தனர்.

அவ்வாண்டு நேஷனல் லீக் வாக்குகளை எண்ணி முடித்தபோது எட்டு இடங்களில் ஏழு ஒரே அணிக்குப் போயிருந்தன. ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் அணி அது. முதல் தளக்காவலுக்கு மட்டும் செயின்ட் லூயிஸ் அணியின் ஸ்டான் மியூசியல் தப்பிப் பிழைத்திருந்தார். அந்த ஆண்டின் மட்டைச் சராசரிப் பட்டத்தை வென்றவர் அவர். அவரிடம் தோற்றவரும் சின்சினாட்டிக்காரரே. அந்தப் பருவத்தில் 31 ஹோம் ரன் அடித்த ஜார்ஜ் குரோ.

அந்த அணியின் பெயரிலேயே ஒரு சிறு சரித்திரம் உண்டு. 'ரெட்ஸ்', அதாவது சிவப்பர் என்பது அதன் பழைய பெயர். கம்யூனிச அச்சம் அமெரிக்காவை ஆட்டிவைத்த 1950களில் அப்பெயர் சங்கடமாகிப்போக, 'ரெட்லெக்ஸ்', சிவப்புக் காலர், என்று மாற்றிக்கொண்டார்கள். நிறத்தைக் காலுக்கு இறக்கிவிட்டால் அரசியல் போய்விடும் என்று நம்பிய காலம் அது.

இந்த ஏழு இடங்கள் எப்படிக் கிடைத்தன? வாக்குச்சீட்டுகள் அக்காலத்தில் செய்தித்தாள்களில் அச்சாயின. வாசகர் நிரப்பி அனுப்ப வேண்டும். 'சின்சினாட்டி என்கொயரர்' நாளிதழ் வாசகரின் சிரமத்தைக் குறைத்தது: உள்ளூர் ஆட்டக்காரர்களின் பெயர்களை முன்கூட்டியே நிரப்பி அச்சிட்டுவிட்டது. சீட்டை நிரப்பித் தந்தால்தான் மது ஊற்றுவோம் என்று சொன்ன மதுக்கடைகளைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. விசாரித்தபோது நாடெங்குமிருந்து வந்த வாக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை சின்சினாட்டியிலிருந்து வந்தவை எனத் தெரிந்தது.

இதில் கள்ளத்தனம் எங்கே இருக்கிறது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ஒருவர் இத்தனை சீட்டுதான் அனுப்பலாம் என்று தடுக்கும் ஏற்பாடு எதுவும் நடைமுறையில் இல்லை. ஓர் ஊர் தன் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது. வேறு ஊர்கள் அவ்வளவு முனைப்புக் காட்டவில்லை. அவ்வளவே. மேலும் அந்தப் பிள்ளைகள் சாமானியர்களும் அல்லர். முந்தைய 1956ஆம் ஆண்டில் 221 ஹோம் ரன்கள் அடித்து லீகின் சாதனையைச் சமன்செய்த அணி அது. அந்த ஆண்டே எட்டில் ஐந்து இடங்களைப் பெற்றிருந்தது. ஃபிராங்க் ராபின்சன் என்னும் இளைஞர் தம் முதல் பருவத்திலேயே 38 ஹோம் ரன் அடித்திருந்தார்.

ஆனால் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் இதை ஏற்கவில்லை. பத்திரிகையாளராக வாழ்வைத் தொடங்கி, பேப் ரூத்தின் பெயரில் கட்டுரைகள் எழுதிக்கொடுத்தவர் இவர். பின்னாளில், 1961இல், ரூத்தின் ஹோம் ரன் சாதனையை 154 ஆட்டங்களுக்குள் முறியடித்தால்தான் சமமாகக் கொள்வோம், இல்லையேல் தனியாகக் குறிப்போம் என்று அறிவித்தவரும் இவரே. ஏட்டில் ஏறும் பெயர்களுக்கும் எண்களுக்கும் தாமே காவல் என்று நம்பிய மனிதர். அவர் சின்சினாட்டியின் வெளிக்கள ஆட்டக்காரர் இருவரை, கஸ் பெல்லையும் வாலி போஸ்டையும், தொடக்க அணியிலிருந்து நீக்கினார். அவ்விடங்களில் வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் அமர்த்தினார்.

மேஸ், ஆரன் ஆகியோரின் தகுதியை ஐயுற எவராலும் இயலாது. அந்தப் பருவத்தில் 44 ஹோம் ரன் அடித்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர் ஆரன். அவருடைய மில்வாக்கி அணி அவ்வாண்டு உலகத் தொடரையும் வென்றது. ஆனால் தகுதிதான் அளவுகோல் என்றால், அதே ஆண்டில் 43 ஹோம் ரன் அடித்த சிக்காகோவின் எர்னி பேங்க்ஸை ஏன் ஷார்ட் ஸ்டாப் இடத்தில் வைக்கவில்லை? மூன்றாம் தளத்தில் எடி மேத்யூஸை ஏன் வைக்கவில்லை? மக்கள் வாக்கே அளவுகோல் என்றால், இரண்டு பேரை மட்டும் ஏன் தொட வேண்டும்? ஃப்ரிக் ஏழில் ஐவரை விட்டுவைத்தார், இருவரை எடுத்தார். தேர்தல் செல்லும், முடிவு செல்லாது என்பது போன்ற ஒரு தீர்ப்பு. அரைகுறை நியாயத்தில் எப்போதும் அடிபடுவது இடையில் நிற்பவர்தான்.

பெல் மாற்று ஆட்டக்காரராகவேனும் அணியில் தங்கினார். போஸ்ட் அறவே நீக்கப்பட்டார். அவர் அப்போது காயமுற்றிருந்தார் என்பதையும், தேர்வு நிலைத்திருந்தாலும் களமிறங்கியிருக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 1955இல் 40 ஹோம் ரன் அடித்த அம்மனிதர் அதற்கு முன்னும் நட்சத்திர ஆட்டம் எதிலும் ஆடியதில்லை, பின்னும் ஆடவில்லை. ரசிகர்கள் அவர் பெயரை எழுதிய ஒரே ஆண்டில் அது அடிக்கப்பட்டது.

ஃப்ரிக் அதோடு நிற்கவில்லை. 1958 முதல் ரசிகர்களின் வாக்கையே பறித்து, ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், மேலாளர்கள் கையில் ஒப்படைத்தார். சின்சினாட்டி செய்ததற்கு நாடு முழுவதும் பன்னிரண்டு பருவங்கள் வாக்கின்றி இருந்தது.

இந்த ஆட்டம் தொடங்கிய நோக்கத்தை அறிந்தால் இந்தப் பறிப்பின் வினோதம் புரியும். பொருளாதார வீழ்ச்சி நாட்டை வாட்டிய 1933இல், சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி, 'சிக்காகோ ட்ரிப்யூன்' இதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் கண்ட கனவு இது. காலிக் கைகளோடு இருந்த ரசிகர்களுக்கு எதையேனும் கொடுக்க வேண்டும். கொடுக்கக்கூடியது தேர்ந்தெடுக்கும் உரிமை. பத்திரிகைகள் வழியே வாக்குச் சேகரித்தார்கள். ஜூலை 6ஆம் நாள் காமிஸ்கி பூங்காவில் 47,000க்கும் மேற்பட்டோர் கூடினர். முதல் நட்சத்திர ஹோம் ரன்னை அடித்தவர், வேறு யார், பேப் ரூத். இரண்டாண்டு கழித்தே வாக்கு மேலாளர்களிடம் போயிற்று. 1947இல்தான் ரசிகர்களிடம் திரும்பிற்று.

அதே 1933, அதே காமிஸ்கி பூங்கா, செப்டம்பர் மாதம். பெரிய லீகுகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லாத காலம் அல்லவா? அவர்கள் தமக்கென நடத்திய லீகுகளின் கிழக்கு-மேற்கு ஆட்டம் அங்கே முதன்முறையாக நடந்தது. அதற்கும் வாக்கெடுப்பு உண்டு. 'சிக்காகோ டிஃபெண்டர்', 'பிட்ஸ்பர்க் கூரியர்' போன்ற கறுப்பினத்தாரின் செய்தித்தாள்களின் வாசகர்கள் வாக்களித்தார்கள். தென்மாநிலங்களில் வரியும் எழுத்தறிவுச் சோதனையும் மிரட்டலும் சேர்ந்து கறுப்பின மக்களை உண்மையான வாக்குச்சாவடியை நெருங்கவிடாத நாட்கள் அவை. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு காகிதத் துண்டு அம்மக்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். பெரிய லீகுகளின் நட்சத்திர ஆட்டத்தில் கறுப்பினத்தார் முதலில் இடம்பெற்றது 1949இல். ஜாக்கி ராபின்சனோடு மூவர்.

1970இல் ஆணையர் பவி கூன் ரசிகர்களிடம் வாக்கைத் திருப்பித் தந்தார். அமெரிக்கக் கால்பந்து பேஸ்பாலின் இடத்தை மெல்லக் கைப்பற்றிக்கொண்டிருந்த காலம், ரசிகர் தேவைப்பட்டார். இம்முறை துளையிடும் அட்டைகள். பட்டியலைப் பருவம் தொடங்குமுன்பே அச்சிட்டுவிட்டதால், காசநோயால் 1968 முழுவதையும் இழந்து மீண்டிருந்த அட்லாண்டாவின் ரிக்கோ கார்ட்டி அதில் இல்லை. அவரோ அந்தப் பருவம் முடியும்போது 0.366 என்ற சராசரியைத் தொட்டவர். ரசிகர்கள் அவர் பெயரைக் கையால் எழுதினார்கள், வெற்றி பெற்றார். வெளிக்களத்தில் அவருக்குத் துணை நின்ற இருவர் யார் தெரியுமா? மேஸும் ஆரனும். பட்டியலில் இல்லாத பெயரை 1957இல் ஓர் ஆணையர் எழுதினார், 1970இல் மக்கள் எழுதினார்கள். அந்த ஆட்டம் நடந்த ஊர் சின்சினாட்டி. ஊரின் தண்டனை ஊரிலேயே முடிந்தது தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை.

அதன் பிறகும் சர்ச்சைகள் ஓயவில்லை. 1988இல் 0.220ஐக்கூட எட்டாத சராசரியோடு இருந்த ஓக்லண்டின் கேட்சர் டெர்ரி ஸ்டெய்ன்பாக்கை ரசிகர்கள் தேர்ந்தபோது எழுத்தாளர்கள் எள்ளி நகையாடினர். மீண்டும் சின்சினாட்டி மைதானம். அமெரிக்கன் லீக் 2-1 என வென்றது. இரண்டு ஓட்டங்களும் அவர் மட்டையால் வந்தவை. அடுத்த ஆண்டு, மே மாதமே ஓய்வை அறிவித்துவிட்ட மைக் ஷ்மிட்டை ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஆட மறுத்துவிட்டார். நம் திரையுலகில் நட்சத்திரம் வேறு, நடிகர் வேறு என்பதை நாம் நெடுங்காலமாக அறிவோம். பேஸ்பால் அதிகாரிகள் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்து ஒவ்வோர் ஆண்டும் ஏமாந்தார்கள்.

இணையம் வந்ததும் காகிதத்தின் வேலையைக் கணினி ஏற்றது. 1999இல் பாஸ்டனின் நோமர் கார்சியபாராவுக்காக ஒரு ரசிகர் நிரல் எழுதித் தானாகவே வாக்களிக்க வைத்தார். 25,000க்கும் மேற்பட்ட வாக்குகள் தள்ளப்பட்டன. தள்ளிய பின்னும் கார்சியபாராவே வென்றார்.

ஆனால் 1957ஐ அப்படியே திரும்ப நடத்திக் காட்டியது 2015தான். காகிதம் முற்றாக ஒழிந்து வாக்கு இணையத்திற்கே போன முதல் ஆண்டு. ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு 35 வாக்குகள் வரை அனுமதி. 1985க்குப் பின் இறுதிச் சுற்றுகளையே காணாமல் 29 ஆண்டுகள் கிடந்து, 2014இல் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் தோற்றுப்போன அணி கான்சஸ் சிட்டி ராயல்ஸ். அவ்வூர் ரசிகர்கள் அந்தத் துயரத்தை வாக்காக்கினார்கள். ஜூன் மாதத்தில் அமெரிக்கன் லீகின் ஒன்பது இடங்களில் எட்டில் ராயல்ஸ் முன்னணி. சுமாராகவே ஆடிக்கொண்டிருந்த ஓமர் இன்ஃபாண்ட்டேயும் அதில் ஒருவர். நாடு சிரித்தது, பிறகு கோபப்பட்டது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளைச் செல்லாதவையாக்கியதாக நிர்வாகம் அறிவித்தது. இறுதியில் நால்வர் தேறினர். இன்ஃபாண்ட்டேயை ஹூஸ்டனின் ஹோசே அல்டுவே முந்தினார்.

இம்முறை பணயமும் இருந்தது. 2003 முதல் 2016 வரை, நட்சத்திர ஆட்டத்தில் வெல்லும் லீகின் அணிக்கே உலகத் தொடரைத் தன் ஊரில் தொடங்கும் சலுகை என்று விதி. 2015 ஜூலை 14ஆம் நாள் அமெரிக்கன் லீக் 6-3 என வென்றது. அந்த இலையுதிர் காலத்தில் உலகத் தொடர் கான்சஸ் சிட்டியில் தொடங்கி, ராயல்ஸ் கோப்பையை வென்றது. மற்றபடி, அந்த ஜூலை ஆட்டம் நடந்த ஊரை வாசகர் இந்நேரம் ஊகித்திருப்பார். 2019 முதல் வாக்கெடுப்பை இரு கட்டங்களாகப் பிரித்துவிட்டார்கள். முதல் கட்டத்தில் முன்னணி பெற்றோர் மட்டும் இரண்டாம் கட்டத்தில் மறுபடி மோதுவார்கள்.

கஸ் பெல்லைப் பாதியில் விட்டு வந்துவிட்டேன். 1957 ஜூலை 9, செயின்ட் லூயிஸ். ஏழாவது இன்னிங்ஸ் வரை நேஷனல் லீக் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை, எதிரணி மூன்று. மேஸும் எட் பெய்லியும் தளங்களில் நிற்க, ஃபிராங்க் ராபின்சனுக்குப் பதிலாகப் பெல் அனுப்பப்பட்டார். அவர் அடித்த அடியில் இரண்டு தளங்கள் தாண்டிப் போய் நின்றார். முன்னிருந்த இருவரும் ஓடி வந்து சேர்ந்தனர். பெல்லின் இடத்தில் அமர்த்தப்பட்டவர் பெல்லின் அடியில்தான் அன்று தம் முதல் ஓட்டத்தை எடுத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் பெல் மறுபடி தளத்தில் இருந்தார். பேங்க்ஸ் அடித்ததும் மூன்றாம் தளத்தை நோக்கி ஓடினார். வெளிக்களத்திலிருந்து மின்னி மினோசோ எறிந்த பந்து அவருக்கு முன்னே அங்குச் சேர்ந்துவிட்டது. அடுத்து வந்த கில் ஹாட்ஜஸின் அடியையும் மினோசோவே பிடித்தார். அமெரிக்கன் லீக் 6, நேஷனல் லீக் 5.