முந்நூறுக்கு எவ்வளவு?

எங்க காலத்தில் பொறியியல் கட்-ஆஃப் முந்நூறுக்கு. கணக்கு நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து நூறு, நுழைவுத்தேர்வு நூறு. அலுவலகத்தில் இளையவர்களிடம் சொன்னால், "இருநூறுக்குத்தானே சார்?" என்கிறார்கள். அந்த நூறு எங்கே போச்சு என்று தேடியபோது எடுத்த குறிப்புகள் இவை.

1984-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத்தேர்வு வந்தது. அதற்கு முன்பு நேர்முகத் தேர்வுக்கும் மார்க் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் பார்த்துப் போடுகிற மார்க். சிபாரிசு இல்லாத பையன் அதில் என்ன வாங்கியிருப்பான்? விடைத்தாளுக்கு அப்பா பெயர் தெரியாது. அந்த வகையில் நுழைவுத்தேர்வு அன்றைக்கு ஏழைக்குச் சாதகமாகத்தான் வந்தது. இதைப் பலரும் மறந்துவிட்டோம்.

பிறகு கோச்சிங் வந்தது. 1998-ல் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு என் வகுப்பில் நாலு பேர் டவுனில் ரூம் எடுத்துத் தங்கிப் படித்தார்கள். நான் கடலைக் காட்டில் இருந்தேன். பள்ளி மார்க்கில் அவர்களுக்கு முன்னால், முந்நூறில் பின்னால். சீட் கிடைத்தது, கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை.

2005-ல் ஜெயலலிதா அரசு தேர்வை ரத்து செய்தது. உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழு அமைத்து, சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 2007-ல் முடித்துவைத்தது. இரண்டு கட்சியும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான விஷயம்! 2010-ல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2021-ல், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீதம்.

எல்லாம் வாசலைப் பற்றியவை. உள்ளே போனபின் நடப்பதற்கு, 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியதைத் தவிரப் பெரிதாக எதுவும் என் கண்ணில் படவில்லை.

முதல் செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். அதில் ஒன்று கணக்கு. பிளஸ் டூவில் 192 வாங்கிய அதே கணக்கு! வகுப்பில் ஒரு வாக்கியம் புரிவதற்குள் போர்டை அழித்துவிடுவார்கள். ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். ஹாஸ்டல் சீனியர் ஒருவர்தான் மெஸ் மேஜையில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் அதே பேப்பரில் அரியர் இருந்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் போய் எழுதினோம்.